அப்பத்தாவின் கைக்கு ஒரு டார்ச்: வயதானவர்களுக்கு டார்ச் லைட் தேர்ந்தெடுப்பது எப்படி?

போன ஐப்பசியில் அடைமழை பெய்த ஒரு ராத்திரி எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது. அப்பத்தா தலைமாட்டில் இருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் கிளம்பியிருக்கிறார். அது நான் ஆசையாக வாங்கிக் கொடுத்த டார்ச். ஒரு தடவை அமுக்கினால் பளீரென்று எரியும், அடுத்த தடவை மங்கலாக எரியும், மூன்றாவது தடவை விட்டு விட்டு மின்னும். நிலைப்படியைத் தாண்டும்போது விரல் பட்டு மின்ன ஆரம்பித்துவிட்டது. லைட் கெட்டுப்போச்சு என்று நினைத்து அணைக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. மின்னுகிற வெளிச்சத்தில் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல், சுவரைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருக்கிறார். கரண்ட் வந்த பிறகுதான் நகர்ந்தாராம்.

நல்லவேளை, விழவில்லை. மறுநாள் போனில் இதைச் சொல்லிவிட்டு, "எனக்கு அந்தப் பழைய ரெண்டு கட்டை லைட்டே போதும்யா" என்றார். இரண்டு பேட்டரி போடும் அந்த லைட் துருப்பிடித்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு நான்கைந்து டார்ச்களை வாங்கி அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகும் முன் ஒரு ராத்திரி கூட இருங்கள்

கட்டிலில் இருந்து கழிவறைக்கு எத்தனை எட்டு? நடுவில் படி உண்டா? கழிவறை வீட்டுக்குள்ளா, வெளியிலா? ஊன்றுகோல் வைத்திருக்கிறாரா, எந்தக் கையில்? இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பார்க்கத்தான் வேண்டும். கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் போறேன்" என்றுதான் பதில் வரும்.

அப்பத்தாவிடம் நான் பார்த்தது இது. வலது கையில் எப்போதும் கம்பு, அதனால் டார்ச் இடது கைக்குத்தான். இடது கட்டைவிரல் மூட்டு வீங்கியிருக்கிறது, முழுசாக மடங்காது. எதையும் விரல் நுனியால் அழுத்த மாட்டார். விரலின் பக்கவாட்டை வைத்துத் தள்ளுவார். இந்த மூன்றும் தெரிந்த பிறகு, கடையில் அடுக்கியிருந்த டார்ச்களில் பாதிக்கு மேல் கையில் எடுக்கவே தேவையில்லாமல் போனது.

"போனிலேயே லைட் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். வெளிச்சம் போதும்தான். ஆனால் தூக்கக் கலக்கத்தில், கண்ணாடி போடாமல், திரையைத் திறந்து அந்தச் சின்னப் படத்தைத் தேடி அமுக்கச் சொல்வது 80 வயதுக்காரரிடம் கேட்கிற காரியமில்லை. பட்டையான போன் கையிலிருந்து நழுவவும் செய்யும்.

படி 2: சுவிட்சைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

என்னைக் கேட்டால் முக்கால்வாசித் தேர்வு இங்கேயே முடிந்துவிடும். தள்ளினால் எரிய வேண்டும், திரும்ப இழுத்தால் அணைய வேண்டும். அவ்வளவுதான் வேலை. பழைய எவரெடி டார்ச்களில் பக்கவாட்டில் இருந்ததே, முன்னும் பின்னும் தள்ளுகிற சுவிட்ச், அது இந்த வயதினரின் கைக்கு ஐம்பது வருஷப் பழக்கம். இன்னொரு வசதியும் அதில் உண்டு. சுவிட்ச் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது தொட்டாலே தெரியும். பகல் வெளிச்சத்தில் டார்ச் எரிந்துகொண்டே கிடந்தாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

டார்ச்சின் வால் பகுதியில் அமுக்குகிற பித்தான் இப்போது நிறைய வருகிறது. அதை அமுக்க, டார்ச்சை முஷ்டிக்குள் பிடித்துக் கட்டைவிரலை மேலே கொண்டுவர வேண்டும். மூட்டு வலி இருப்பவர்களால் முடியாது. தலையைத் திருகி எரிய வைக்கும் டார்ச்சுக்கு இரண்டு கை வேண்டும். கையால் அமுக்கி அமுக்கி மின்சாரம் எடுக்கும் டைனமோ டார்ச்சும் இந்தக் கைகளுக்கு ஆகாது. அழுத்திப் பிடித்தால் ஒன்று, தட்டினால் ஒன்று என்று வேலை செய்யும் எலெக்ட்ரானிக் சுவிட்சைக் கண்டிப்பாகத் தவிருங்கள். நிலைப்படியில் நடந்தது அதனால்தான்.

ஐந்து மோடு, ஏழு மோடு என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் அதை வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் யாருக்குமே தூரம் பிடிபடாது. கால் ஊன்றுகிற இடத்தில் அது ஆபத்து.

சோதிக்க ஒரு வழி: விரல்களில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கண்ணை மூடி, பழக்கமில்லாத கையால், கட்டைவிரலை மடக்காமல் பத்துத் தடவை எரிய வைத்து அணையுங்கள். ஒரு தடவை தவறினாலும் அந்த டார்ச் வேண்டாம். நான் வாங்கியவற்றில் மூன்று இதிலேயே விழுந்துவிட்டன. மீதி இரண்டையும் அப்பத்தா மடியில் போட்டேன். இரண்டையும் மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்த்துவிட்டு, சுவிட்சின் மேல் வரிவரியாக மேடு இருந்ததை எடுத்துக்கொண்டார். "இது நகத்துக்கு மாட்டுது" என்றார். கடையில் அந்த மேடு என் கண்ணில் படவே இல்லை.

படி 3: எவ்வளவு வெளிச்சம், என்ன நிற வெளிச்சம்

60 வயதில் ஒருவருடைய விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளித்துவிடுகிறது. அப்படியென்றால் இருப்பதிலேயே பெரிய வெளிச்சமாக வாங்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அதே முதிர்ந்த லென்ஸ், கண்புரையும் சேர்ந்திருந்தால் இன்னும் அதிகமாக, உள்ளே வரும் ஒளியைச் சிதறடிக்கிறது. வெள்ளைச் சுவரிலும் கழிவறை டைல்ஸிலும் பட்டுத் திரும்பும் பளீர் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும். இருட்டுக்குப் பழகியிருந்த கண் அதிலிருந்து தேறிவரவும் வயதானவர்களுக்கு அதிக நேரம் ஆகும்.

வெளிச்சத்தின் அளவு லூமன். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு 800, 900 லூமன் தரும். போன் டார்ச் பொதுவாக 50 லூமன் பக்கம். வீட்டுக்குள் நடக்க 50 முதல் 100 லூமன் தாராளம். கொல்லைப்புறம், தெரு என்று போனால் 150, 200 வரை போகலாம். ஆயிரம் லூமன் என்று பெட்டியில் எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். மலிவான டார்ச்களின் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பவும் முடியாது. சில பெட்டிகளில் லூமனே இருக்காது, அரை வாட், ஒரு வாட் என்று மட்டும் இருக்கும். பென்சில் செல் போடும் ஒரு வாட் டார்ச் நம் வேலைக்குச் சரியாக இருக்கும்.

அடுத்து நிறம். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல எல்இடிதான். அதன் மேல் பூசிய பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருளின் மஞ்சள் வெளிச்சம் நீலத்தோடு கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. (இந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) பூச்சு குறைவாக இருந்தால் நீலம் தூக்கலாகத் தெரியும். அந்த நீலம் கண்ணை அதிகம் கூச வைக்கும். அதனால் இளமஞ்சள் வெளிச்சம் தரும் டார்ச் கிடைத்தால் எடுங்கள். பெட்டியில் கெல்வின் எண் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது, பக்கத்தில் K என்று இருக்கும்) இருந்தால் 3000-லிருந்து 4000-க்குள், 6500 வேண்டாம். எண் இல்லையென்றால் உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். கை உயிரோடு தெரிந்தால் சரி. பிணத்தின் கைபோல வெளிறித் தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள்.

ஒளி எப்படி விழுகிறது என்பதும் முக்கியம். கடையின் இருட்டு மூலையில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அடியுங்கள். நடுவில் சின்னதாக ஒரு சுடர்ப் பொட்டும் சுற்றி இருட்டுமாக இருந்தால் அது தூரத்துக்கான டார்ச். தோட்டத்துக் காவலுக்கு நல்லது, கட்டிலில் இருந்து இறங்குபவருக்கு ஆகாது. காலடியும் இரண்டு மூன்று எட்டு முன்னாலும் ஒரே சீராகத் தெரிகிற அகலமான வெளிச்சம்தான் வேண்டும். தலையை முன்னே இழுத்து ஒளியைக் குவிக்கும் ஜூம் வகையும் வேண்டாம், தானாக நகர்ந்துகொள்ளும்.

கிராமத்தில் இது பாம்புக்காகவும்தான். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக 2020-ல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது, பெரும்பாலும் கிராமங்களில். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். கண்ணாடி விரியன் ஆள் வரும் சத்தம் கேட்டாலும் நகராமல் அப்படியே கிடக்கும். டார்ச்சைத் தூரத்தில் அடிக்காமல் கால் வைக்கப் போகும் இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள்.

படி 4: பேட்டரி

சார்ஜ் போடும் டார்ச்சா, செல் போடுவதா? தனியாக இருக்கும் பெரியவருக்கு என்றால் செல் போடுவதுதான் என் முடிவு. காரணம் எளிது. செல் தீரும்போது பெரும்பாலான சாதாரண டார்ச்களில் வெளிச்சம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வரும். "லைட்டு மங்குதுய்யா" என்று அப்பத்தா போனில் சொன்னால் எனக்குப் புரிந்துவிடும். லித்தியம் பேட்டரி டார்ச்கள் பலவும் கடைசிவரை நன்றாக எரிந்துவிட்டுப் பொசுக்கென்று அணைந்துவிடும். அது நடுக்கொல்லையில் நடந்தால்?

வீட்டில் வேறு யாராவது இருந்து, வாரம் ஒரு கிழமை தவறாமல் சார்ஜ் போடுவார்கள் என்றால் சார்ஜ் டார்ச் வாங்கலாம். எந்தப் பக்கம் செருகினாலும் ஏறுகிற டைப்-சி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கம் இரண்டு முள் வெளியே வந்து, சுவரில் நேராகச் செருகும் மலிவு வகை ஒன்று இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பலவற்றுக்குள் மின்சாரத்தைப் பிரித்துப் பாதுகாக்கும் டிரான்ஸ்பார்மர் இருக்காது. உடம்பில் விரிசல் விட்ட டார்ச்சைச் சார்ஜில் இருக்கும்போது தொட்டால் ஷாக் அடிக்கலாம்.

செல் என்றால் எந்த செல்? இரண்டு பென்சில் செல், அதாவது சுவர்க் கடிகாரத்தில் போடுகிறோமே, அந்த அளவு. ஊரில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஒல்லியான ரிமோட் செல் அதன் பாதி அளவுகூட உழைக்காது. அதில் மூன்றை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் மாட்டி உள்ளே தள்ளும் டார்ச்கள் உண்டு. அந்தக் கூட்டில் எந்தப் பக்கம் கூட்டல், எந்தப் பக்கம் கழித்தல் என்று எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது. சாவிக்கொத்து டார்ச்சில் இருக்கும் பொத்தான் செல்லோ, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெரிய ஆபத்து. விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

ஆல்கலைன் செல்லாகப் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் நெடுநாள் தாங்கும். பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. பலவீனமான செல் முதலில் தீர்ந்து, மற்றது அதை அழுத்தி, கடைசியில் ஒழுகி டார்ச்சைக் கெடுத்துவிடும்.

படி 5: கனமும் பிடியும்

செல்லோடு சேர்த்து 100 கிராமுக்குள் இருக்கட்டும். நீளம் உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. ரொம்பச் சின்னதாக வாங்காதீர்கள், விரல் அளவு டார்ச்சை வீங்கிய கையால் பிடிக்க முடியாது. வழவழப்பான உடம்பு என்றால் சைக்கிள் டியூபில் இரண்டு வளையம் வெட்டி மாட்டிவிடுங்கள். பிடியும் கிடைக்கும், கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடவும் செய்யாது. கறுப்பு வேண்டாம். சிவப்போ மஞ்சளோ எடுங்கள்.

படி 6: வீட்டில் பழக்குவது

வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் இடம். எப்போதும் ஒரே இடம், படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற இடம். அப்பத்தாவுக்குக் கட்டில் காலில் ஒரு கொக்கி அடித்து, டார்ச்சின் கயிற்றை அதில் மாட்டினோம். தலையணைக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை மாற்ற ஒரு வாரம் ஆனது. கயிறு மணிக்கட்டுக்கு மட்டும்தான். கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்க விடாதீர்கள்.

இருட்டில் பச்சையாக ஒளிரும் ஸ்டிக்கர் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும், ரேடியம் ஸ்டிக்கர் என்று கேளுங்கள். சுவிட்ச் மேல் ஒரு துண்டு, கொக்கிக்கு மேலே ஒரு துண்டு. பகல் வெளிச்சம் படுகிற இடமாக இருந்தால்தான் அது ராத்திரியில் ஒளிரும்.

அப்புறம் ஒத்திகை. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கட்டிலில் படுக்கச் சொல்லி, டார்ச்சை எடுத்து, எரியவிட்டு, கழிவறை வரை போய்த் திரும்பச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலேயே நடங்கள். டார்ச்சை எரியவிட்டதும் உடனே எழுந்திருக்கக் கூடாது, காலைத் தொங்கப்போட்டு அரை நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழ வேண்டும் என்று சொல்லிப் பழக்குங்கள். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக. நாங்கள் நான்கு ராத்திரி செய்தோம். மூன்றாவது ராத்திரி டார்ச்சைக் கழிவறைத் தொட்டி மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அங்கேயும் ஒரு கொக்கி அடித்தேன்.

செல் மாற்றுவதையும் அவரே செய்து பார்க்கட்டும். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் செல்லின் தட்டையான அடிப்பாகம், குமிழ் இருக்கும் பக்கம் விளக்கை நோக்கி. பெரும்பாலான டார்ச்களுக்கு இதுதான் கணக்கு, உங்களுடையதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். புது செல் போட்ட தேதியை ஒரு பிளாஸ்டர் துண்டில் எழுதி டார்ச்சின் அடியில் ஒட்டிவிடுங்கள். மாற்றுச் செல் இரண்டை உறை பிரிக்காமல் வெற்றிலைப் பெட்டியிலோ மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்திலோ வையுங்கள், தினமும் கை போகிற இடமாக. நாங்கள் அமாவாசைக்கு அமாவாசை ஒரு பரிசோதனை வைத்திருக்கிறோம். அன்றைக்கு ராத்திரி அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து எதிர் வேப்பமரத்தில் டார்ச் அடித்துப் பார்ப்பார். கிளை பிரியும் இடம் தெரிகிறது என்றால் செல் இருக்கிறது. தெரியவில்லை என்றால் எனக்குப் போன் வரும்.