லேசிக்: அறுவை அரங்குக்குப் போகும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

லேசரால் பார்வையைச் சரிசெய்யும் லேசிக் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றிவிடுவது என்று முடிவெடுத்து கண் மருத்துவமனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருகிறார்கள். எந்த மெஷினில் செய்வீர்கள்? எவ்வளவு செலவாகும்? இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: என் கண் இதற்கு ஏற்றதுதானா? அதைக் கேட்காமல் விடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பல அதன் வாரிசுகள்.

லேசர் தொடுவது கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலத்தை (கார்னியா) மட்டும்தான். கண்ணுக்குள் நுழையும் ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அதன் வளைவு செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவருக்கு அதன் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கினால் ஒளி விழித்திரையில் சரியாகப் போய் விழும். அப்படித் தட்டையாக்குவது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். பக்கத்துத் திசுவைக் கருக்காமல் படலம் படலமாக நீக்கிக்கொண்டே போகும். உயிர்த் திசுவில் இந்தக் கதிர் இப்படி வேலை செய்வதைக் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போன ரங்கசாமி சீனிவாசன். 1981-இல் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியின்மேல் கதிரைப் பாய்ச்சி, கருகாத, சுத்தமான வெட்டு விழுவதைப் பார்த்தார்கள். லட்சக்கணக்கான கண்களைத் தொட்ட கருவி விருந்து மிச்சத்தில் ஒத்திகை பார்த்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த தகவல்.

இப்படி நீக்கிய திசு திரும்ப வளராது. அதனால்தான் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போகும், எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். கருவிழியின் நடுப்பகுதித் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒருவருக்கு அது 500 மைக்ரான், பவர் மைனஸ் 8 என்று வைத்துக்கொள்வோம். லேசிக்கில் முதலில் கருவிழியின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறப்பார்கள். அதற்குச் சுமார் 110 மைக்ரான். ஒரு டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) பவருக்கு 15 மைக்ரான் வீதம் நீக்கினால் எட்டுக்கு 120. மடலைத் திரும்ப மூடிவிட்டாலும் கருவிழியின் வலுவுக்கு அது பெரிதாக உதவாது. ஆக, அடியில் தாங்கி நிற்பது 270 மைக்ரான். குறைந்தது 250 இருந்தாக வேண்டும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் எல்லை. 300-க்குக் கீழே போவதற்கே இன்று பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். அதே கருவிழியில் மைனஸ் 3 என்றால் 345 மிஞ்சும், யாரும் யோசிக்கப்போவதில்லை.

"அக்காவுக்குச் செய்தார்கள், எனக்கு மட்டும் ஏன் மறுக்கிறார்கள்?" என்ற மனத்தாங்கலுக்குப் பதில் இந்தக் கழித்தலில் இருக்கிறது. ஒரு மருத்துவர் மறுத்தால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பது நியாயமானது. யாராவது தலையாட்டும்வரை மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்குவது வேறு ரகம். கடைசியில் தலையாட்டும் ஒருவர் கிடைத்துவிடுவார் என்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

தடிமன் சரியாக இருந்தால் போதாது

கூம்புக் கருவிழி என்று ஒரு நோய் உண்டு. கருவிழி மெல்ல மெல்ல வலுவிழந்து முன்னோக்கிக் கூம்பாகப் புடைக்கும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி முப்பதுகள்வரை வளரும். ஆரம்பக் கட்டத்தில் அறிகுறியே தெரியாது. கண்ணாடி போட்டால் பார்வை தெளிவாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட கண்ணில் லேசரை வைத்தால், ஏற்கெனவே தளர்ந்த கருவிழி இன்னும் தளர்ந்து, கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத பார்வைக் கோளாறில் கொண்டுபோய் விட்டுவிடும்.

இதைப் பிடிப்பதற்கென்றே கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டின் வளைவையும் படமெடுக்கும் கருவிகள் இருக்கின்றன. நிலவரைபடத்தில் மேடு பள்ளம் காட்டுவதுபோல், தட்டையான இடம் நீலமாகவும் செங்குத்தான இடம் சிவப்பாகவும் தாளில் வரும். கீழ்ப்பாதியில் மட்டும் சிவப்புத் திட்டு ஒதுங்கியிருந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். இந்தப் பரிசோதனை செய்யாமல், பவரையும் தடிமனையும் மட்டும் பார்த்து நாள் குறிக்கும் இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பேக்கேஜ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

நோயாளி மறைக்கக் கூடாத விஷயங்களும் இங்கேதான் வருகின்றன. சிறு வயதிலிருந்தே கண் அரிப்பு, ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கம், சிலிண்டர் பவர் (கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர்) மட்டும் ஏறிக்கொண்டே போவது, குடும்பத்தில் யாருக்காவது கூம்புக் கருவிழி இருப்பது. ஒவ்வாமையும் கண் கசக்குதலும் இந்த நோயோடு சேர்ந்தே காணப்படுபவை. "சின்ன அரிப்புதானே" என்று சொல்லாமல் விட்டால், படத்தில் தெரியும் லேசான சந்தேகத்தை மருத்துவர் எந்தப் பக்கம் வைத்து எடைபோடுவது என்று தெரியாமல் போகும்.

அடுத்தது கான்டாக்ட் லென்ஸ். லென்ஸ் அணிந்துகொண்டே இருந்தால் கருவிழி அதன் வடிவத்துக்கு ஏற்பச் சற்று வளைந்துகொடுக்கும். முந்தைய நாள்வரை போட்டுவிட்டு மறுநாள் பரிசோதனைக்கு வந்தால் கருவி அளப்பது உங்கள் உண்மையான கருவிழியை அல்ல, லென்ஸ் அழுத்திவைத்த வடிவத்தை. மென் லென்ஸ் என்றால் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சிலிண்டர் பவருக்கான மென் லென்சும் காற்று ஊடுருவும் கெட்டி லென்சும் என்றால் மூன்று வாரம், பழைய வகைக் கெட்டி லென்ஸ் என்றால் நான்கு வாரம். அலுவலக விழா இருந்தது என்று நடுவில் ஒரே ஒரு நாள் போட்டிருந்தாலும் சொல்லிவிட வேண்டும். மருத்துவரிடம் திட்டு வாங்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது

நம் ஊரில் லேசிக்குக்குத் தேதி குறிப்பது பல வீடுகளில் ஜாதகக்காரர்தான். நிச்சயம் ஆனதும் பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ கண்ணாடி போய்விட வேண்டும் என்ற அவசரம் தொற்றிக்கொள்கிறது. அந்த மூன்று வாரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். மடல் இன்னும் முழுமையாகப் பிடித்திருக்காது. கண் உலர்ந்து உறுத்தும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். சொட்டு மருந்துக்கு மணிக்கணக்கு உண்டு. அந்தக் கண்ணோடு ஹோமப் புகையில் உட்கார வேண்டும், மை தீட்ட வேண்டும், வீடியோ விளக்கை நேராகப் பார்க்க வேண்டும். தாரைவார்க்கும் நேரத்தில் அழுகையும் வரும், கைக்குட்டையும் கண்ணுக்குப் போகும். கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் அது முடிந்தபிறகு நிதானமாகச் செய்யலாம். திருமணப் படத்தில் கண்ணாடியோடு இருப்பதில் ஒரு குறையும் இல்லை என்பது என் கட்சி.

வயதும் அப்படித்தான். பதினெட்டு முடிந்தால் செய்யலாம் என்று பொதுவாகச் சொன்னாலும், பவர் ஓராண்டாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். ஓராண்டில் அரை டயாப்டருக்கு மேல் கூடியிருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும் என்று பொருள். ஓடிக்கொண்டிருக்கும் பவரை இன்று வெட்டிச் சரிசெய்தால், அது நாளைக்கும் ஓடும். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் பவர் தற்காலிகமாக மாறும் என்பதால் அப்போது வேண்டாம். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுபவர்கள், முடக்குவாதம், லூப்பஸ் போன்ற, உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோயுள்ளவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள் எல்லாரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கண் மருத்துவரிடம் தோல் மாத்திரையைப் பற்றி எதற்குச் சொல்வது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்த மாத்திரை கண்ணையும் உலர்த்தும்.

அரசு வேலைக்குப் படிப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கண்ணாடி இருந்தால் வேலை கிடைக்காது என்று பயந்து லேசிக் செய்துகொள்கிறார்கள். ஆனால் ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு, லேசிக் செய்துகொண்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று அறிவிக்கையிலேயே போட்டிருக்கிறார்கள். ராணுவத்தில் ஏற்றுக்கொள்ளும் பிரிவுகளிலும் இருபது வயதுக்குப் பின் செய்திருக்க வேண்டும், செய்து ஓராண்டு கடந்திருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிக்கையின் மருத்துவத் தகுதிப் பகுதியை வரி விடாமல் படித்தபிறகு முடிவெடுங்கள். ஒருமுறை செய்தபிறகு மருத்துவப் பரிசோதனையில் மறைக்க முடியாது.

காசு விஷயம் சுருக்கமாக: இந்திய மருத்துவக் காப்பீடுகளில் 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டுக்கான சிகிச்சை பொதுவிலக்குப் பட்டியலில் இருக்கிறது. காப்பீடு தரும் என்று நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

எந்த முறை என்ற குழப்பம்

லேசிக்கில் மடல் வெட்டுவார்கள். பி.ஆர்.கே. முறையில் மடல் இல்லை. கருவிழியின் மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு லேசரைப் பாய்ச்சுவார்கள். முதல் மூன்று நான்கு நாள் நன்றாகவே வலிக்கும், பார்வை தெளியவும் வாரக்கணக்காகும். ஆனால் மடல் இல்லாததால் அடியில் அதிகத் திசு மிஞ்சும், கண்ணில் அடிபடக்கூடிய விளையாட்டு வீரர்களுக்கும் இது பொருந்தும். ஸ்மைல் முறையில் சிறு துளை வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய திசுத் தட்டை உருவி எடுப்பார்கள். கருவிழி இவை எதற்கும் இடம் தராவிட்டால் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் பொருத்தும் ஐ.சி.எல். இருக்கிறது. அதற்கும் கண்ணின் முன்னறையில் போதிய ஆழம் வேண்டும். விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று இவற்றைப் படிக்கட்டாக அடுக்கிக் காட்டும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். மெல்லிய கருவிழிக்கு விலை குறைந்த பி.ஆர்.கே.யே சரியானதாக இருக்கலாம்.

நாற்பதை நெருங்குபவர்கள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. மைனஸ் 2 உள்ளவர் நாற்பத்தைந்து வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாளிதழ் படித்துவிடுவார். அது கிட்டப்பார்வை தந்த சலுகை. லேசிக் தூரத்துக்கண்ணாடியைக் கழற்றும்போது அந்தச் சலுகையையும் எடுத்துக்கொள்ளும். அரிசியில் கல் பொறுக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் பிறகு வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்குமாக வைக்கும் ஏற்பாடும் உண்டு. அது எல்லாருக்கும் பழகாது என்பதால், முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம்.

மேசையிலும் அதற்குப் பின்னும்

அன்றைய பயங்கள் பெரும்பாலும் வீண். இமைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், இமையை விலக்கிப் பிடிக்க ஒரு கம்பி வைப்பார்கள். கண் சற்று அசைந்தால் கருவி பின்தொடரும், அதிகம் அசைந்தால் தானே நின்றுவிடும். மடல் வெட்டும்போது கண்ணை உறிஞ்சிப் பிடிப்பதால் சில நொடிகள் பார்வை இருண்டுவிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் குருடாகிவிட்டோம் என்று அலறுபவர்கள் உண்டு. முடி பொசுங்குவதுபோல் ஒரு வாடை வரும், கண் எரிந்ததால் வருவதல்ல. சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். கண் மையைச் சில நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு நடக்கும் தவறுகளில் முதலிடம் கண்ணைக் கசக்குவதற்கு. தூக்கத்தில் தன்னையறியாமல் கசக்குவோம் என்பதற்காகத்தான் இரவில் கண்ணை மூடும் கவசம் தருகிறார்கள். அதை "உறுத்துகிறது" என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். மடல் மடிந்துபோனால் மறுபடி மேசைக்குத்தான் போக வேண்டும். முதல் வாரம் தலைக்கு ஊற்றுவது, கிணற்றிலும் குளத்திலும் இறங்குவது எல்லாம் வேண்டாம். நீச்சலுக்கு இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

சொட்டு மருந்தில் இரண்டு விபரீதங்கள். ஸ்டீராய்டு சொட்டு இதமாக இருக்கிறது என்று, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்பவர்களுக்குக் கண் பிரஷர் ஏறும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் பார்வை நரம்பு தேயும். இன்னொன்று அதைவிடக் கொடியது: பி.ஆர்.கே. வலி தாங்காமல், பரிசோதனையின்போது விடும் மரத்துப்போகும் சொட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் விட்டுக்கொள்வது. வலி போகும். புண் ஆறாது, கருவிழியே கரைந்துபோகலாம்.

முதல் சில மாதங்கள் கண் உலர்வது கிட்டத்தட்ட எல்லாருக்கும் உள்ளதுதான். கருவிழியின் நுண்நரம்புகள் வெட்டுப்படுவதால், கண்ணீர் வேண்டும் என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போகாது. நாள் முழுக்கக் கணினி முன் ஏ.சி. அறையில் உட்காருபவர்கள் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வலி கூடினாலோ, சிவப்போ கூச்சமோ அதிகமானாலோ, நேற்றைவிட இன்று பார்வை மங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, பவர் போனதும் கண் மருத்துவரையே மறந்துவிடுவது. மைனஸ் 8 கண் நீண்டு வளர்ந்த கண். லேசர் அந்த நீளத்தைக் குறைக்கவில்லை. இழுபட்ட விழித்திரை அப்படியேதான் இருக்கிறது, அதில் ஓட்டை விழும் வாய்ப்பும் அப்படியே இருக்கிறது. திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ ஓரத்தில் மின்னினாலோ அன்றே போய், மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கருவிழி மெலிந்துவிட்டதால் கண் பிரஷர் அளக்கும்போது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். லேசிக் செய்ததைச் சொல்லாவிட்டால் "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

அறுபது வயதில் கண்புரை வரும்போது, உள்ளே வைக்க வேண்டிய லென்சின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். வளைவை லேசர் மாற்றியிருப்பதால் வழக்கமான கணக்கு பிசகும். பழைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பேருதவி. ஆகவே சிகிச்சை முடிந்து வெளியேறும்போதே, அதற்கு முன் எடுத்த கருவிழி வரைபடம், வளைவு அளவு, தடிமன், பழைய பவர், எத்தனை மைக்ரான் நீக்கினார்கள் என்ற விவரம் எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு காலம் அந்த மருத்துவமனை கோப்பை வைத்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஒரு பிரதியை வீட்டில் பத்திரங்களோடு வையுங்கள், இன்னொன்றைப் படமெடுத்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள்.