ஒரு மரத்தடியில் கால் மணி நேரம்: பூங்காவில் பறவை பார்க்கும் முறை

மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒருநாள் இரண்டு சுற்றைக் குறைத்துக்கொண்டு ஒரே மரத்தடியில் கால் மணி நேரம் நில்லுங்கள். நாம் நடந்துகொண்டே இருக்கும்வரை பறவைகள் இலைக்குள் ஒதுங்கிக்கொள்ளும். அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் அவை தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

எந்த மரம்? ஆல், அரசு, அத்தி எதுவானாலும் சரி, பழுத்திருக்க வேண்டும். குயில், மைனா, சின்னான், குக்குறுவான் எல்லாம் அங்கே வரும். விடிந்ததிலிருந்து எட்டு மணிக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

முதலில் காதைப் பழக்குங்கள். ‘டுக் டுக் டுக்’ என்று யாரோ செம்புப் பாத்திரம் தட்டுவது போல விடாமல் கேட்கிறதா? அது செம்மார்புக் குக்குறுவான். கத்தும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்பும். அதனால் சத்தம் வரும் திசை பிடிபடாது. சத்தத்தைத் துரத்தாமல் மரத்தின் உச்சியில் இலையில்லாத கிளையைப் பாருங்கள், அங்கேதான் வெயில் காயும். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது. உடம்பு இலைப்பச்சை, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றியும் தொண்டையிலும் மஞ்சள். பட்டுப்போன கிளையின் அடிப்பக்கம் வட்டமாகத் துளை போட்டுத்தான் கூடு வைக்கும். பூங்காக்களில் பட்ட கிளையெல்லாம் வெட்டிச் சாய்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பாதை மேல் விழக்கூடியதை வெட்டட்டும், மற்றதை விட்டுவைக்கலாமே.

அணில் ஒரே இடத்தில் உட்கார்ந்து வாலை உதறி உதறிக் கத்தினால் பக்கத்தில் பூனையோ வல்லூறோ இருக்கலாம். காகங்கள் கூட்டமாக ஒரு மரத்தைச் சுற்றிக் கரைந்தால் அங்கே ஆந்தை இருக்கிறதா என்று பாருங்கள். புள்ளி ஆந்தையைத் தேட முதலில் தரையைப் பார்க்க வேண்டும். பொந்துள்ள மரத்தடியில் வெள்ளை எச்சக் கறையும், வண்டுகளின் ஓடுகளும் சின்ன எலும்புகளும் கலந்து ஆந்தை கக்கிய உருண்டைகளும் கிடந்தால், மெல்ல நிமிர்ந்து பொந்தைப் பாருங்கள். இரண்டு மஞ்சள் கண்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அது தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள் என்று பொருள். நாலடி பின்னால் வந்துவிடுங்கள். செல்பேசியில் ஆந்தைக் குரலைப் போட்டு அதை வெளியே வரவழைக்கவே கூடாது.

அக்டோபர் வாக்கில் வலசை வரும் ஆறுமணிக்குருவியைப் புதரடியில் தேடுங்கள். சருகைப் புரட்டிப் பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும். வடக்கேயிருந்து அவ்வளவு தூரம் பறந்து களைத்து வந்த பறவை அது. படம் எடுக்க அதை விரட்டாதீர்கள்.

தொலைநோக்கி இல்லாமலே தொடங்கலாம். அப்புறம் வாங்குவதென்றால் 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) போதும். 10 மடங்கு பெரிதாக்குவதில் கை நடுக்கம் அதிகமாகத் தெரியும். பெயர் தெரியாத பறவையைப் பார்த்தால், மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, வாலை ஆட்டுகிறதா என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் நிழலில் ஏமாற்றிவிடும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசம்தான். ஆனால் அது சொன்ன பறவையைக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எண்ணி, ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவிட்டால் போதும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாமல் எண்ணுங்கள்.