ஏற்காடு போனால் மட்டும் குறையும் கூலன்ட்: பழைய காரில் கசிவு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்தில் ஏற்காடு போய்விட்டு வந்தால் என் காரில் கால் லிட்டர் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், காணாமல் போகும். சேலத்துக்குள்ளேயே ஒரு மாதம் ஓட்டினாலும் ஒரு சொட்டு குறையாது. வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை, ஹோஸ்களில் ஈரம் இல்லை, புகையிலும் குறை தெரியவில்லை. 2001 மாடல் கார் என்பதால் எதைச் சந்தேகப்பட்டாலும் நியாயமாகத்தான் இருந்தது. முதலில் ரேடியேட்டரை மாற்றினேன். அடுத்த பயணத்தில் அதே கால் லிட்டர். பிறகு வாட்டர் பம்ப்பை மாற்றினேன். மறுபடியும் கால் லிட்டர். மூன்றாவது பட்டறையில், கூலன்ட் ஓடும் பாதையில் காற்றை அழுத்தி அடைத்துக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்துவிட்டு, "வெளியில எங்கயும் லீக் இல்ல சார். ஹெட் கேஸ்கெட்தான், ஹெட்ட இறக்கிடலாம்" என்றார்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல் பாகம், கேஸ்கெட் அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு.

அவ்வளவு பெரிய வேலைக்குச் சம்மதிக்கும் முன் இன்னொருவரிடம் காட்டலாம் என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "தம்பி, கீழ ஓட்டறப்ப செய்யாதத மேல போய் என்ன செய்வீங்க?" என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன்: "குளிர் தாங்காதுண்ணா. ஹீட்டர் போடுவோம்."

முன்சீட்டில் உட்காருபவரின் கால் பக்கம் இருந்த மேட்டைத் தூக்கினார். கார்பெட்டின் மேல் மூலையில், டேஷ்போர்டுக்கு அடியில் விரலை விட்டு அழுத்தினார். விரலை வெளியே எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். பிசுபிசுவென்று இழுத்தது, லேசான இனிப்பு வாசனை. அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் முன் கண்ணாடி உள்பக்கம் மங்கும்போதெல்லாம் ஏற்காட்டுப் பனி என்று நினைத்துத் துடைத்திருக்கிறோம். துடைத்த துணியும் இப்படித்தான் பிசுபிசுத்தது.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். சேலத்து வெயிலில் அதை யாரும் தொடுவதில்லை. என் காரில் அதற்குப் போகும் சூடான தண்ணீரை ஒரு வால்வு மூடி வைத்திருந்ததால் வருடம் முழுவதும் அது குளிர்ந்தே கிடந்தது. மலையில் ஹீட்டரைத் திறந்ததும் சூடேறி, உலோகம் விரிந்து, இணைப்பில் இருந்த நூலளவு விரிசல் வாய் திறந்திருக்கிறது. மூன்றாவது பட்டறையில் டெஸ்ட் செய்தது குளிர்ந்த எஞ்சினில், ஹீட்டரை மூடிவைத்து. அதில் தெரியாமல் போனது இயல்புதான்.

பழைய காரில் கசிவு தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். "எங்கே" என்று கேட்டுக்கொண்டு நேராக எஞ்சினுக்குள் தலையை விட்டுவிடுகிறோம். "எப்போது" என்பதை யாரும் கேட்பதில்லை. கசிவுக்குச் சூடு, அழுத்தம், குளிர் என்று ஏதோ ஒரு நேரம் இருக்கும். அஸ்தம்பட்டி தாண்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் ஏறும்போது மட்டும் குறைகிறது என்றால் முழுச் சூட்டிலும் முழு அழுத்தத்திலும் திறக்கும் ஓட்டையைத் தேட வேண்டும். ஏறி முடித்து, ஏரிக்கரையில் நிறுத்தியபின் பத்து நிமிடம் கழித்துச் சொட்டினால் அது வேறு கதை. எஞ்சினை அணைத்ததும் பம்ப் நின்றுவிடும், எஞ்சினில் தேங்கிய சூடு முழுவதும் நிற்கும் தண்ணீரில் இறங்கும், கொஞ்ச நேரத்துக்கு அழுத்தம் ஓடும்போது இருந்ததைவிட ஏறும். ஆகவே நிறுத்திய உடனே குனிந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு முறை குனிந்து பாருங்கள். இன்னொரு வகை, மேலே ஓர் இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் பார்த்தால் மட்டும் தெரிவது. இறுகிப்போன பழைய ஹோஸும் தளர்ந்த கிளிப்பும் குளிரில் சுருங்கி ஒரு சொட்டு விடும், எஞ்சின் சூடானதும் தானாக அடைத்துக்கொள்ளும். மத்தியானம் பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் கண்ணில் அது படவே படாது.

இதற்குச் செலவே இல்லாத ஒரு வழி உண்டு. கூலன்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தினமும் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர், எந்தச் சாலை, ஏசியா ஹீட்டரா என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். பத்து நாள் குறிப்பு கையில் இருந்தால் மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்தது.

அடுத்த தவறு, சொட்டு விழுந்த இடத்தைக் கசிந்த இடம் என்று நம்புவது. ஓடும் வண்டியில் காற்று தண்ணீரைப் பின்னால் தள்ளும். மேலே கசிந்தது எஞ்சினின் விளிம்பு வழியாக வழிந்து வேறெங்கோ சொட்டும். ஈரம் தெரிகிற மிக உயரமான இடத்தைக் கண்டுபிடியுங்கள். சில நேரம் ஈரமே இருக்காது. சூடான எஞ்சின் மேல் பட்டதும் ஆவியாகிவிடும். கூலன்ட் நிறத்தில் காய்ந்துபோன பொருக்கு மட்டும் மிஞ்சும். டார்ச் அடித்துத் தேட வேண்டியது அந்தப் பொருக்கைத்தான். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் வெளியே காட்டிக்கொடுப்பதற்காகவே வைத்த துளை அது. அதன் கீழே நீளமாகக் கறை இறங்கியிருந்தால் பம்ப் போகப்போகிறது. என் பம்ப்பில் அப்படி ஒரு கறையும் இல்லை. அதைப் பார்த்திருந்தால் நல்ல பம்ப்பைக் கழற்றியிருக்க மாட்டேன்.

ஏசி போட்டு நிறுத்திய வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது நிறமும் வாசனையும் இல்லாத வெறும் தண்ணீர். சித்திரை வெயிலில் நிறையவே சொட்டும். நிறம் சரியாகத் தெரியவில்லை என்றால் இரவில் ஒரு அட்டையை அடியில் விரித்துவிட்டு, காலையில் அதில் நிறமோ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று பாருங்கள். ருசி பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று மட்டும் யாரும் இறங்க வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். தரையில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தெருநாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் ஒரு பாகமாகவே மதிப்பதில்லை. தண்ணீரை அழுத்தத்தில் வைத்து, சீக்கிரம் கொதிக்காமல் காப்பது அந்த மூடிதான். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும், அது எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்ற அளவு. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. சேலத்தில் சாதுவாக ஓடும் வண்டி மேலே போய்க் கொதித்து, டப்பா வழியாக வெளியே தள்ளிவிடும். ஓட்டையே இல்லாமல் தண்ணீர் குறையும்! எஞ்சின் ஆறியபின் டப்பா நிரம்பியிருந்து ரேடியேட்டரில் மட்டும் குறைந்திருந்தால் மூடியையும், டப்பாவுக்குப் போகும் சின்ன டியூபில் விரிசல் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. ஈரத் துணி போட்டுத் திறக்கலாம் என்பதும் வேண்டாம். மேல் ஹோஸை வெறும் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிறவரை காத்திருங்கள்.

டெம்பரேச்சர் முள்ளை முழுதாக நம்புவதும் ஆபத்து. சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் ஒழுங்காகக் காட்டும். தண்ணீர் தீர்ந்து சென்சார் காற்றில் நின்றால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். ஏற்றத்தில் சூடாகிக்கொண்டிருந்த வண்டியின் முள் சட்டென்று சரிந்தால் உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

குறைகிறபோதெல்லாம் போர் தண்ணீர் ஊற்றுவது நம் ஊரில் சகஜம். நடுவழியில் மாட்டிக்கொண்டால் சரி, கிடைத்த தண்ணீரை ஊற்றித்தான் வீடு வந்து சேர வேண்டும். அதுவே வழக்கமானால் துருவைத் தடுக்கும் மருந்து நீர்த்துப்போகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் டிக்கியில் கிடக்கட்டும்.

கசிவை அடைக்கும் பவுடர், திரவம் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓட்டை எது, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய் எது என்று அதற்குத் தெரியாது.

ஹெட் கேஸ்கெட் விஷயத்தில் மட்டும் பொறுமையாக இருங்கள். கசிவு கண்ணில் படவில்லை என்பது கேஸ்கெட் போனதற்குச் சாட்சி ஆகாது. அதற்கென்று தனி அடையாளங்கள் இருக்கின்றன. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். கூலன்ட்டில் குமிழி விடாமல் வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது. ஏற்காட்டுக் காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை எல்லா வண்டிக்கும் வருவது, சூடேறியதும் நின்றுவிடும். ஆயில் மூடியின் உள்பக்கம் கொஞ்சம் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருந்தால், பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் கவலைப்படுங்கள். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிற ரசாயனம் ஒன்று உண்டு. எஞ்சின் புகை தண்ணீரில் கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். அந்தச் சோதனை செய்யாமல் ஹெட்டை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்தப் பெரியவர் கடைசியாக ஒன்று செய்தார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பிரஷர் டெஸ்டரை மாட்டி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். சூடேறும்வரை ஒன்றும் இல்லை. பிறகு டேஷ்போர்டுக்கு அடியில் அவர் பிடித்திருந்த வெள்ளைத் துணியில் பச்சையாக ஒரு பொட்டு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

கோரை மாற்ற டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுவதற்குள் இரண்டு நாள் ஆனது. போன ஞாயிறு ஏற்காட்டிலிருந்து ஹீட்டரைப் போட்டபடியே இறங்கினோம். கண்ணாடி மங்கவில்லை. மறுநாள் காலை பானெட்டைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் டேப்பின் மேல் விளிம்பிலேயே நின்றது.