கம்பசடி அன்ரிமாரிடம் கதை கேட்கப் போகிறவர்களுக்கு: தவிர்க்க வேண்டிய பிழைகள்

எங்களோடு புதிதாகச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், யுத்த காலத்தில் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், கம்பசை, அதாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் குடும்பம் நடத்திய பெண்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்கிறார்கள். போன கிழமை அந்தப் பதிவுகளைக் கேட்டேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் விட்ட அதே பிழைகள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சார்ஜ் போட மறப்பது, பெயரைத் தவறாகக் குறிப்பது பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அவை இரண்டு மூன்று தடவையில் தானாகத் திருந்தும்.

கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது

என் முதல் பதிவு. அந்த அன்ரி 1992இல் கல்யாணம் முடித்து, இருபத்திரண்டு வயதில் பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தவர். கணவர் விரிவுரையாளர். விறாந்தையில் மூன்று பேரும் இருந்தோம், ரெக்கோடர் நடுவில். முதல் கேள்வியை அன்ரியிடம்தான் கேட்டேன். பதில் சொன்னவர் அங்கிள். தள்ளித் தள்ளிப் போன சோதனைகள், கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த பத்திரிகைகள் என்று எல்லாம் அருமையாகச் சொன்னார். அன்ரி தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டபோதுதான் விளங்கியது. ஒன்றரை மணித்தியாலப் பதிவில் அன்ரியின் குரல் ஆறு நிமிடம்கூட இல்லை. ஓரிடத்தில் அங்கிள் சொல்கிறார்: "ஜாம் போத்தல் விளக்கிலதான் விடைத்தாள் எல்லாம் திருத்தினது." குசினிக்குள் இருந்து அன்ரியின் குரல் மெல்லக் கேட்கிறது: "அந்த எண்ணெய்க்கு ஆர் வரிசையில நிண்டது எண்டும் சொல்லுங்கோவன்." நான் என்ன செய்தேன்? சிரித்துவிட்டு, அந்தச் சோதனை எந்த வருடம் நடந்தது என்று கேட்டிருக்கிறேன்.

இன்றைக்கும் அந்த இடத்தைக் கேட்டால் எனக்கு என்மேல் ஆத்திரம் வரும். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பெரும்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறுகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் பிடித்த திரியை எரிப்பார்கள். இரவில் திருத்திய விடைத்தாள்களுக்கு எண்ணெய் வந்தது பகலில் போத்தலோடு வரிசையில் நின்றவரால். எவ்வளவு நேரம் நின்றார், கைக்குழந்தையை ஆரிடம் விட்டுவிட்டுப் போனார், குண்டு போடுகிற விமானம், பொம்மர், வந்தபோது எங்கே ஓடினார், ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரு மாதம் கழித்துத் தனியாகப் போய்க் கேட்டேன். "அதுதான் அவர் எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டாரே, பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு எத்தனை தடவை போயும் அவ்வளவுதான்.

அங்கிளில் பிழை இல்லை. அவர் தன் கதையைச் சொன்னார். அதற்கு வேறொரு நாள் ஒதுக்கியிருக்க வேண்டியது நான். அன்ரியிடம் போவதென்றால் வீட்டில் அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். குசினியிலேயே இருந்து, அவர் காய் வெட்ட வெட்டக் கேளுங்கள். கதிரையில் இருத்தி "உங்கள் அனுபவம் என்ன?" என்று கேட்டால் "சரியான கஷ்டம்தான்" என்பதோடு முடியும். "அப்ப உடுப்பு எதால தோய்ச்சனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழம் வரும், கிணற்றடி வரும், பக்கத்து வீட்டோடு பட்ட சண்டையும் வரும்.

"போர்க்காலம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் கம்பஸ் மைதானத்தில் ஹெலியில் வந்திறங்கியபோது அங்கே குடியிருந்தவர் வேறு. அதற்குப் பிறகு, தடைக்காலத்தில் மணமாகி வந்தவர் வேறு. 1995 ஒக்டோபர் 30இல் ஊரே இடம்பெயர்ந்தபோது பிள்ளையோடு கிழக்கே தென்மராட்சிக்கு நடந்து, 1996இல் இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் இருந்த ஊருக்குத் திரும்பியவரின் கதையும் வேறு. தடைக்காலத்தில் பொம்மருக்குப் பயந்து வாழ்ந்தவரிடம் இராணுவக் காலத்துச் சோதனைச்சாவடியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார் ஒரு தம்பி. அவர் பாவம், நடக்காததை நினைவுபடுத்தப் பார்த்தார்.

வருடத்தை நேராகக் கேட்டாலும் தடுமாறுவார்கள். மூத்தது அப்போது தவழ்ந்ததா, நடந்ததா என்று கேளுங்கள்.

சொல்லைத் திருத்துவது

அவர் பங்கர் என்றால் பங்கர்தான். பதுங்குகுழி என்று எழுதாதீர்கள்.

அழுகைக்காகக் காத்திருப்பது

வேண்டாம்.

ரெக்கோடரை முந்தி நிறுத்துவது

நன்றி சொல்லி எழும்பிய பிறகுதான் பல கதைகள் வரும். அவரிடம் சொல்லிவிட்டு, படலை வரைக்கும் ஓட விடுங்கள். போன வருடம் கொண்டாவிலில் ஓர் அன்ரி படலையில் கை வைத்தபடி சொன்னது இது. கணவரிடம் நல்லதாக இருந்தது ஒரேயொரு சேட்டு. பனங்களியில் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறார். இனிப்புக்குப் பக்கத்து வீட்டு மாடு வந்து ஒரு கையைச் சப்பிக் கிழித்துவிட்டது. அடுத்த நாள் அவருக்குக் கம்பசில் முதல் விரிவுரை. அன்ரி தன்னுடைய பழைய சட்டையில் ஒரு துண்டை வெட்டி, அந்தப் போத்தல் விளக்குக்குப் பக்கத்தில் இருந்து தைத்திருக்கிறார்.

"நிறம் பொருந்தேல்லை. ரெண்டு கையையும் மேல மடிச்சுவிட்டு அனுப்பினனான்" என்றார்.