இரண்டு பேருக்கு ஒரு சோத்துப் பார்சல்

மட்டக்களப்பு டவுனில் வேலை என்றால், மத்தியானம் ஆளுக்கொரு சோத்துப் பார்சல் எடுக்காமல், இரண்டு பேருக்கு ஒரு மீன் பார்சலும் தனியாக இன்னொரு துண்டு மீனும் வாங்கிப் பாருங்கள். கடையில் சோற்றை அமுக்கி அமுக்கித்தான் கட்டுவார்கள், கந்தோர்க் கதிரையில் இருந்து வேலை செய்கிற நமக்கு அதில் பாதியே போதும், மிச்சம் எப்படியும் சோறு சுற்றிய லஞ்ச் சீற்றோடு சுருட்டிக் குப்பைக்குத்தான் போகிறது. பருப்பும் சம்பலும் கொஞ்சம் கூட வைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் வைப்பார்கள்.

துண்டு மீனின் விலையை முதலே கேளுங்கள். பாரை, அறக்குளா என்றால் சில நாள் பார்சல் விலைக்குக் கிட்ட வந்துவிடும், அப்போது லாபமில்லை, பொரித்த முட்டையோடு சமாளிக்கலாம். பிரியாணிக்கு இது சரிவராது, சோறு அளவாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை காத்தான்குடிப் பக்கம் எடுப்பதென்றால் ஜும்மாவுக்குக் கடை பூட்ட முன்னமே போய்விடுங்கள்.