எல்லாவற்றையும் ஜென் என்னாதீர்கள்

ஜப்பானியக் கலை பற்றி எழுதுகிறவர்கள் அலுக்காமல் செய்யும் தவறு, எதைப் பார்த்தாலும் 'ஜென்' என்பது. ஜென் என்பது தியானத்தை முதன்மையாக்கும் பௌத்தப் பிரிவு; அது ஜப்பானில் வேர்விட்டது 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான். அதற்கு வெகுமுன்பே, 752இல், நாராவின் தோதைஜி கோயிலில் பிரம்மாண்டமான வெண்கலப் புத்தருக்குக் கண் திறந்தாயிற்று. திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 1053இல் எழுந்த பியோதோயின் கோயில் மண்டபமோ அமிதாபர் என்ற புத்தரின் சொர்க்கத்தைப் பூமிக்குக் கொண்டுவரும் முயற்சி; உள்ளே பொன் பூசிய புத்தர். எளிமை, வெறுமை என்ற வழக்கமான சொற்கள் அங்கே ஒட்டாது.

இதைவிட ஆழமான தவறு, இயற்கை என்றால் ஜப்பானின் பழைய மதமான ஷிந்தோ, சிலை என்றால் பௌத்தம் என்று கோடு கிழிப்பது. டோக்கியோவின் நெசு அருங்காட்சியகத்தில் காமகுரா காலத்துப் (12-14ஆம் நூற்றாண்டு) பட்டோவியம் ஒன்று இருக்கிறது. நெடுக விழும் நாச்சி அருவி. முதல் பார்வைக்கு வெறும் இயற்கைக் காட்சி. உண்மையில் அது சாமி படம். அருவியேதான் தெய்வம். அந்தத் தெய்வத்தின் மூல வடிவம் ஆயிரங்கைக் கன்னோன் என்ற போதிசத்துவர் என்றும் அன்றைய பக்தர்கள் நம்பினார்கள். இதை எந்த மதத்தின் கணக்கில் எழுதுவது? 1201இல் சிற்பி கைகெய், ஷிந்தோ தெய்வமான ஹச்சிமானை மொட்டைத்தலைப் பௌத்தத் துறவியாகவே செதுக்கினார். இரண்டையும் பிரிக்க ஆணையிட்டது 1868இல் வந்த மெய்ஜி அரசு. அந்த வேகத்தில் எத்தனையோ பௌத்தச் சிலைகள் உடைபட்டன. அந்த அரசாணையின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய ஓவியத்தைப் பார்ப்பது நியாயமில்லை.

எதிர்த்திசைத் தவறும் உண்டு: பூவையும் அலையையும் கண்டதும் பக்தி என்று உருகுவது. ஓவியர் ஒகாதா கோரினின் பொன் திரையில் வரிசையாக நிற்கும் நீல ஐரிஸ் பூக்கள் 'இசே கதைகள்' என்ற பழைய இலக்கியத்தின் ஒரு காட்சி. கதையில் வரும் பாலத்தை அவர் அதில் வரையவே இல்லை. வாசகருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். ஓவியர் ஹொக்குசாயின் புகழ்பெற்ற பேரலை, ஃபூஜி மலைக்காட்சி வரிசையில் ஒன்று. மலை புனிதமானதுதான், ஆனால் படம் கடையில் விற்ற அச்சுப் பிரதி, நீலச் சாயம் ஐரோப்பியக் கண்டுபிடிப்பு.

நமக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. பென்சைதென் என்ற ஜப்பானியப் பெண் தெய்வத்தின் சிலையைப் பார்த்ததும் "நம்ம சரஸ்வதி!" என்று பூரித்து அத்தோடு நிறுத்திவிடுவது. பௌத்த நூல்களோடு சீனா வழியே போனவள்தான். ஆனால் அங்கே தீவுகளுக்கும் குளங்களுக்கும் உரியவளாகி, பிவா என்ற நரம்புக் கருவியை ஏந்தி, சில சிலைகளில் கிழவர் முகம் கொண்ட பாம்பையும் தலையில் சுமக்கிறாள். அந்தப் பாம்பு ஜப்பானுக்கே உரிய சாமி.