நிவாரணப் பாய்மரப் படகில் தன்னார்வ மாலுமியாகச் சேருவது எப்படி?

நிவாரணப் பொருள்களையோ மருத்துவர்களையோ ஏற்றிக்கொண்டு பெருங்கடலைக் கடக்கும் பாய்மரப் படகில் பயணி என்று ஒருவரும் இருக்க முடியாது. ஆறு பேர் செல்லும் படகு என்றால் அந்த ஆறு பேரும் இரவில் காவல் நிற்க வேண்டும், சமைக்க வேண்டும், பாயை ஏற்றி இறக்க வேண்டும், கழிவறையையும் கழுவ வேண்டும். ஒருவர் படுத்துவிட்டால் அவருடைய வேலை மற்ற ஐவர் மீதும் விழும். அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். ஆகவே இத்தகைய பயணத்தில் சேர விரும்புகிறவர் தம்மால் என்ன உதவி செய்ய முடியும் என்று யோசிப்பதற்கு முன்பாக, தாம் பாரமாகாமல் இருப்பதற்கு எதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யோசிப்பது நல்லது. மறுகரையில் மருந்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு நம் ஆர்வத்தால் பயனில்லை. சரக்கு நனையாமல், உரிய நாளில் வந்து சேர்வதே அவர்களுக்கு வேண்டியது.

முதலில் பயணத்தின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள். தென் பசிபிக் தீவுகளைப் பொறுத்தவரை, சீ மெர்சி போன்ற அமைப்புகள் விமானமோ பெரிய கப்பலோ எட்டாத தீவுகளுக்குத் தன்னார்வ மருத்துவர்களைப் படகில் அழைத்துச் செல்கின்றன. 1892-ல் நார்வேயில் கட்டப்பட்ட வேகா என்ற மரக்கப்பல் கிழக்கு இந்தோனேசியா, கிழக்குத் திமோர் ஆகிய பகுதிகளின் ஒதுக்குப்புறத் தீவுகளுக்குப் பள்ளிப் பொருள்களையும் மருத்துவப் பொருள்களையும் கொண்டுசென்றிருக்கிறது. மத்தியதரைக் கடலில் நாதிர், ஆஸ்ட்ரல் போன்ற பாய்மரப் படகுகள் ஆபத்தில் சிக்கிய அகதிகளைத் தேடிச் சென்றிருக்கின்றன. இந்த மூன்று வகைக்கும் வேண்டிய மனநிலையும் பயிற்சியும் வெவ்வேறானவை. தீவுகளுக்குச் செல்லும் படகில் பொறுமையும் கைத்திறனும் வேண்டும். மீட்புப் படகில் முதலுதவியும், அச்சத்தில் இருப்பவர்களிடம் நிதானமாகப் பேசும் பக்குவமும் வேண்டும். உயிரற்ற உடல்களைக் காண நேரிடலாம் என்பதையும் முன்பே மனத்தில் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காவதாக, முற்றுகையிடப்பட்ட கடற்பகுதியை நோக்கிச் செல்லும் பயணங்கள் உள்ளன. 2010 மே 31 அன்று காசாவை நோக்கிச் சென்ற கப்பல் தொகுதியை இஸ்ரேலியப் படையினர் மறித்தபோது மாவி மர்மரா கப்பலில் ஒன்பது பேர் உயிரிழந்தனர். காயமடைந்த பத்தாமவர் 2014-ல் இறந்தார். இத்தகைய பயணத்தில் சேர்வதென்றால், தடுத்து வைக்கப்படவும் நாடு கடத்தப்படவும் அதற்கும் மேலான இழப்புக்கும் வாய்ப்புண்டு என்பதைக் குடும்பத்தாரிடம் மறைக்காமல் பேசி, வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்று, வன்முறையற்ற நடத்தைக்கான பயிற்சியையும் முடித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். அதைச் சாதாரண நிவாரணப் பயணத்தின் இன்னொரு வடிவமாக எண்ணிக்கொண்டு யாரும் ஏறக் கூடாது.

அழைப்பவர் யார் என்று பார்ப்பது

நல்ல நோக்கம் உள்ளவரிடம் நல்ல படகும் இருக்கும் என்று சொல்ல முடியாது. விண்ணப்பிக்கும் முன் கேப்டனுடன் நேரில் அல்லது காணொலியில் பேசுங்கள். அவர் இதே அளவு தூரத்தை முன்பு கடந்திருக்கிறாரா, படகு கடைசியாக எப்போது நீரிலிருந்து ஏற்றிப் பழுது பார்க்கப்பட்டது, உயிர்காக்கும் ரப்பர் மிதவை எத்தனை பேருக்கானது, அதன் பராமரிப்புக் காலம் முடியாமல் இருக்கிறதா, 406 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அவசர அலைபரப்பி படகின் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளால் எரிச்சலடையும் கேப்டனுடன் செல்ல வேண்டாம் என்றே நான் சொல்வேன். நல்ல கேப்டன் இவற்றை நீங்கள் கேட்காவிட்டாலும் தாமே சொல்வார்.

புறப்படும் காலத்தையும் பாருங்கள். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும், வட அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரையும் புயல் காலம். இந்த மாதங்களில் அந்தக் கடல்களைச் சிறு படகில் கடக்க அழைப்பவர் அதற்கு மிக வலுவான காரணம் சொல்ல வேண்டும்.

அடுத்து, சரக்கைப் பெற்றுக்கொள்பவர் யார் என்று கேளுங்கள். என் பார்வையில் மிகவும் முக்கியமான கேள்வி இதுதான். 2015 மார்ச்சில் பாம் புயல் வனுவாட்டுவைத் தாக்கிய பிறகு, யாரும் கேட்காமலே வந்து குவிந்த நன்கொடைப் பொருள்கள் துறைமுகத்தில் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. உண்மையில் தேவைப்பட்ட பொருள்களின் வழியை அவை அடைத்தன. போகும் இடத்தின் சுகாதாரத் துறையோ, ஊர்ப் பெரியவர்களோ, அங்கேயே இயங்கும் ஓர் அமைப்போ எழுத்தில் தந்த பட்டியல் இல்லாமல் பொருள் ஏற்றும் பயணம் நன்மையைவிடத் தொல்லையையே அதிகமாகக் கொண்டுசேர்க்கும்.

பயிற்சியும் உடல்நிலையும்

பாய்மரப் படகையே பார்த்திராதவரும் சில மாதங்களில் பயனுள்ள மாலுமியாகிவிடலாம். ஆர்.ஒய்.ஏ. என்ற பிரிட்டிஷ் படகோட்டச் சங்கத்தின் காம்பிட்டன்ட் க்ரூ போன்ற ஐந்து நாள் பயிற்சியில் கயிறுகளின் பெயர், பாயைச் சுருக்கும் முறை, சுக்கான் பிடித்தல், நங்கூரம் போடுதல் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளலாம். மீட்புப் படகுகளும் பெரிய கப்பல்களும் பெரும்பாலும் எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும், மாலுமிகளுக்கான அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்கும். 1978-ல் உருவான சர்வதேச உடன்படிக்கையின்படி அமைந்த அந்தப் பயிற்சியில் தண்ணீரில் உயிர் தப்புதல், தீயணைப்பு, முதலுதவி, கப்பலில் தனிமனிதப் பொறுப்பு ஆகியவை அடங்கும். சான்றிதழ் கிடைத்ததோடு நிறுத்திவிடாமல், வார இறுதிகளில் யாருடைய படகிலாவது ஏறி, ஓர் இரவாவது கரை தெரியாத தூரத்தில் கழித்துப் பாருங்கள். உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்பதை அந்த ஓர் இரவு உங்களுக்குச் சொல்லிவிடும்.

முடிச்சுகளில் நான்கைந்து போதும். ஆனால் இறுகாத வளையம் போடும் போலைன் முடிச்சை இருட்டில், நனைந்த கையால், கயிற்றைப் பார்க்காமல் போடத் தெரிய வேண்டும். வீட்டில் இரண்டு மீட்டர் கயிறு ஒன்றை வைத்துக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பழகினால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

உடலைப் பொறுத்தவரை, கடல்சார் மருத்துவர் தரும் சான்றிதழ் பொதுவாக இரண்டு ஆண்டு வரை செல்லும். அதற்கு அப்பால் இரண்டு விஷயங்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று பல். கரையிலிருந்து ஆயிரம் கடல் மைல் தள்ளி வரும் பல்வலிக்கு வலி மாத்திரையைத் தவிர வழியில்லை; ஆகவே புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மற்றொன்று, நீங்கள் அன்றாடம் சாப்பிடும் மருந்து. அதைப் பயண நாள்களைப் போல் இரண்டு மடங்கு எடுத்து, இரு வேறு பைகளில் வைத்து, விவரத்தைக் கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும். நீரிழிவையோ மனச்சோர்வையோ மறைத்துப் படகேறுவது உங்களுடன் வருபவர்களுக்கு இழைக்கும் அநீதி.

தாள்களும் பணமும்

தன்னார்வம் என்றால் இலவசம் என்று பொருளில்லை. உணவு, எரிபொருள், துறைமுகக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பொதுவாக ஒரு பங்கு கேட்பார்கள். எதற்கு எவ்வளவு, பயணம் நடுவில் நின்றால் எது திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கான விமானப் பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருங்கள். பல நாடுகளில், படகில் வந்திறங்கியவர் வெளியேறும் வரை கேப்டனே பொறுப்பு. உங்களிடம் திரும்பும் வழி இருந்தால்தான் அவர் உங்களை இறக்கிவிட முடியும்.

விசாவில் ஒரு நுணுக்கம் உண்டு. விமானத்தில் வருபவருக்குள்ள சலுகை படகில் வருபவருக்கு இல்லாமல் போகலாம். எடுத்துக்காட்டாக, விசா விலக்குத் திட்டத்தின்கீழ் அமெரிக்காவுக்குச் செல்லக்கூடியவரும் தனியார் படகில் வந்திறங்கினால் விசா வைத்திருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடு வழியில் இருந்தால், ஊசி போட்ட பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பயணக் காப்பீட்டை வாங்கும்போது, கரையிலிருந்து எத்தனை கடல் மைல் வரை அது செல்லும் என்று கேட்டு வாங்குங்கள். திறந்த கடலை விலக்கிவைக்கும் காப்பீடுகள் நிறைய உள்ளன.

கடலில்

கேனரித் தீவுகளிலிருந்து கரீபியன் வரையிலான அட்லாண்டிக் பாதை சுமார் 2,700 கடல் மைல். ஐந்தரை நாட் வேகத்தில், அதாவது மணிக்கு ஐந்தரை கடல் மைல் வீதம், இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 132 கடல் மைல் போகும்; மூன்று வாரம் பிடிக்கும். குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலும், ஆறு பேருக்கு 21 நாளில் 378 லிட்டர் வேண்டும்; காற்று நின்றுபோகும் நாள்களுக்காக அதில் பாதியையாவது மேலும் எடுத்துக்கொள்ள வேண்டும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவுவதும் குளியலை ஒரு குவளை நன்னீரில் முடிப்பதும் ஏன் என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

ஆறு பேர் என்றால் இருவர் இருவராகப் பிரிந்து, நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு என்று சுற்றிவருவது வழக்கம். படகில் இதை வாட்ச் என்பார்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் வாட்ச் என்றால் ஒன்றரைக்கே எழுப்புவார்கள். சிவப்பு விளக்கில் உடை அணிய வேண்டும். வெள்ளை விளக்கைப் போட்டால், இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் கண் மீண்டும் குருடாகிவிடும். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்கி, ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே கையை வெளியே நீட்டிப் பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டிய பிறகுதான் உடம்பு வெளியே வர வேண்டும். ‘மாட்டிவிட்டேன்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். பொறுப்பை ஒப்படைப்பவர் காற்றின் திசை, வேகம், பாய் எவ்வளவு சுருக்கப்பட்டிருக்கிறது, எந்தக் கப்பல் எந்தப் பக்கம் தெரிகிறது என்று சொல்வார். தொலைவில் ஒரு கப்பலின் பச்சை விளக்கு மட்டும் தெரிந்தால் அதன் வலப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள். சிவப்பு மட்டும் என்றால் இடப்பக்கம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது. நேரம் போகப் போக அது காம்பஸில் அதே திசையிலேயே நின்றுகொண்டு பெரிதானால் மோதல் நேரக்கூடும். உடனே கேப்டனை எழுப்புங்கள். தேவையில்லாமல் எழுப்பிவிட்டோமோ என்று தயங்க வேண்டியதில்லை.

கொக்கியைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு நாட் வேகத்தில் படகு நொடிக்கு மூன்று மீட்டர் நகர்கிறது. ஒருவர் விழுந்து ஒரு நிமிடத்தில் அவர் 180 மீட்டருக்கும் மேல் பின்தங்கியிருப்பார். இரண்டு மீட்டர் அலைக்கிடையே ஒரு மனிதத் தலை தெரியாது. யாராவது விழுந்தால் உடனே கத்த வேண்டும், மிதவையை எறிய வேண்டும், ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல் விழுந்தவரை நோக்கி விரல் நீட்டியபடி கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும்.

முதல் மூன்று நாள் குமட்டல் பலருக்கும் வரும். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்கிப் பயனில்லை. புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையை நான்கு மணி நேரம் முன்பே ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். சிலருக்கு அது மங்கலான பார்வையையும் குழப்பத்தையும் உண்டாக்கும். ஆகவே மருத்துவரைக் கேட்டு, கரையிலேயே ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். வாந்தி வந்தால் படகின் விளிம்புக்கு ஓடாமல் வாளியைப் பயன்படுத்துங்கள்.

சரக்கு

சரக்கும் உங்கள் காவலில் உள்ளதுதான். கனமானவை கீழேயும் நடுவிலும், மருந்துகள் படகின் பக்கச்சுவரைத் தொடாமலும் இருக்க வேண்டும்; நீர் கசியாவிட்டாலும் சுவரில் வியர்க்கும் ஈரம் அட்டைப்பெட்டியை ஊறவைத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை பெட்டிகளின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். அட்டை மெத்தென்று இருந்தால் அன்றே எடுத்து உலர்த்தி, பிளாஸ்டிக் உறை மாற்றி, எந்தப் பெட்டி என்று பதிவேட்டில் எழுதுங்கள். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிர் வேண்டும் என்பதால், நம்பகமான குளிர்பெட்டி இல்லாத படகு அவற்றை ஏற்கக் கூடாது. நன்கொடை மருந்துகள் போய்ச்சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஏற்றும்போதே தேதியைப் பாருங்கள். மார்ஃபின் போன்ற மருந்துகளுக்கு அந்நாட்டின் முன் அனுமதி இல்லாவிட்டால் சுங்கத்தில் முழுச் சரக்கும் நின்றுவிடலாம்.

துறைமுகம் தெரிந்ததும் மஞ்சள் கொடியை ஏற்றி, அதிகாரிகள் அனுமதிக்கும் வரை யாரும் கரையிறங்காமல் காத்திருக்க வேண்டும். பழம், விதை, தேன் போன்றவை மிஞ்சியிருந்தால் மறைக்காமல் அறிவியுங்கள். பெட்டிகளைப் பெற்றுக்கொள்பவரிடம் எண்ணிக்கொடுத்து, நனைந்தவை எவை என்றும் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். பொருள் பெறுபவர்கள் அனுமதி தராமல் அவர்களைப் படமெடுக்க வேண்டாம். பிறகு கயிறுகளில் படிந்த உப்பை நன்னீரில் அலசிக் காயவைத்து, கிழிந்த தையல், கழன்ற திருகு, இறுகிப்போன வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் உருளை) என்று நீங்கள் கண்ட பழுதுகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அடுத்த குழு ஏறும் முன் கேப்டனிடம் கொடுத்துவிடுங்கள்.